பழைய பைக், புதிய கை

கேள்வி: கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகனுக்காகப் பழைய 100 சிசி பைக் வாங்கியிருக்கிறேன். அவனிடம் கொடுப்பதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முதல் செலவு டயருக்கும் பிரேக்குக்கும்தான், பெயின்ட், சீட் கவரெல்லாம் பிறகு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும், ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். பழகும் கை கிளட்சை ஓயாமல் பிடித்து விடும். பிசிறு விட்ட கேபிள் சிக்னலில் அறுந்தால், கியரில் நிற்கும் வண்டி முன்னே பாய்ந்துவிடும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக் கையை எடுத்தால் அது தானாகத் திரும்ப வேண்டும். ஆயில் மாற்றி, செயின் தொய்வைச் சரிசெய்யுங்கள். பிரேக் விளக்கு இரண்டு பிரேக்குக்கும் எரிகிறதா என்று பாருங்கள்.

படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி.யைப் பெயர் மாற்றுங்கள். இன்சூரன்ஸையும் மாற்ற மறக்காதீர்கள். கியர் வண்டிக்கு 18 வயதும் உரிமமும் கட்டாயம்.

சாவியோடு சேர்த்து ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டையும் கொடுங்கள். காலி மைதானத்தில் பிரேக் பிடிக்க நன்றாகப் பழகிய பிறகே சாலைக்கு அனுப்புங்கள்.