இது என்ன மாதம், உங்கள் வயது என்ன?

துபாயிலோ தோஹாவிலோ ஸ்ட்ரோக் வார்டில் சேரப்போகும் நர்ஸா நீங்கள்? லைசென்ஸ் பரீட்சை முடிந்த கையோடு என்ஐஹெச்எஸ்எஸ்ஸைப் படித்துவிடுங்கள். அமெரிக்காவில் 1989-ல் வெளியான அளவுகோல். பக்கவாதம் எவ்வளவு அடித்திருக்கிறது என்பதை 11 தலைப்புகளில் சோதித்து, 0 முதல் 42 வரை ஒரு எண்ணாகச் சொல்லும். கூடக்கூடப் பாதிப்பு அதிகம். வீடியோவில் வரும் நோயாளிகளுக்கு மதிப்பெண் போட்டுத் தேறினால் ஆன்லைனிலேயே சான்றிதழ் கிடைக்கும்.

அந்த ஆங்கில வீடியோவில் பேசுபவர்கள் வேறு, இங்கே ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்கள் வேறு. பெங்காலி வருவார், பட்டாணியர் வருவார், நம்ம ராமநாதபுரத்துக்காரரும் வருவார்.

முதல் சிக்கல் அளவுகோலின் 1-பி கேள்வியிலேயே: மாதமும் வயதும் கேட்க வேண்டும். இரண்டும் சரியென்றால் 0, ஒன்றுதான் சரியென்றால் 1, இரண்டும் தப்பென்றால் 2. 'கிட்டத்தட்ட சரி' என்ற சலுகை கிடையாது. ஒரு கொத்தனார் என்னிடம் "ஆடி" என்றார், வயது 52 என்றார். பாஸ்போர்ட்டில் 47. கூட நின்ற சிஸ்டர் 2 போடப் போனார். அன்று ஆகஸ்ட் முதல் வாரம், ஆடியேதான். "தம்பி, அண்ணனுக்கு நிஜமா என்ன வயசு?" என்று அறைத் தோழரைத் தனியாக விசாரித்தேன். 52 என்றார். 0 போட்டு, காரணத்தை சார்ட்டில் எழுதி, நியூராலஜிஸ்ட்டிடமும் சொன்னேன். அரபு முதியவர் ஹிஜ்ரி மாதம் சொன்னாலும் இப்படித்தான் விசாரிக்க வேண்டும்.

மொழி புரியாமல் பதில் வராவிட்டால் விதிப்படி 1. மூளை நன்றாக இருந்தும் ஏறும் புள்ளி அது. ஆகவே முதலில் மொழி தெரிந்த ஆளைப் பிடியுங்கள். ஆனால் அவரிடம், "நான் கேட்டதை மட்டும் கேளுங்க, எடுத்துக் கொடுக்காதீங்க" என்று கறாராகச் சொல்லிவிட வேண்டும். பாசத்தில், "அண்ணே, ஆகஸ்ட்னு சொல்லுங்க" என்பார்கள்! முதலில் வந்த பதிலுக்குத்தான் மதிப்பெண்.

கை கால் சோதனையில் மொழிச் சிக்கல் குறைவு. புரியாதவருக்குச் செய்து காட்டலாம். படுத்திருப்பவரின் கையை 45 டிகிரிக்குத் தூக்கி 10 வினாடி, காலை 30 டிகிரிக்குத் தூக்கி 5 வினாடி. வாய்விட்டு எண்ணுங்கள். கை தாழ்ந்து, ஆனால் கட்டிலைத் தொடாவிட்டால் 1. 'பாவம், களைப்பா இருக்கார்' என்று 0 போடுவது கருணையல்ல. பழைய வாதத்தால் வந்த பலவீனமாக இருந்தாலும் கண்ணில் பட்டதற்கே மதிப்பெண்.

எண் சின்னது என்று அசந்துவிடாதீர்கள். பேச்சைப் பாதிக்கும் இடது மூளை வாதத்துக்குப் புள்ளிகள் எளிதில் ஏறும், வலது மூளைக்கு அவ்வளவு ஏறாது. சிறுமூளையில் அடைப்பு வந்து நிற்க முடியாமல் தள்ளாடுகிறவர் 0 கூட வாங்கலாம். நடக்க வைத்துப் பார்க்கும் சோதனை இந்தப் பட்டியலிலேயே இல்லை.

'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?' என்பதையும் அறைத் தோழரிடமே கேளுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் ஓடும். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரமல்ல, படுத்த நேரம்தான் கணக்கு.

டியூட்டி மாறும்போது "ஸ்கோர் ஒன்பது" என்று மட்டும் ஒப்படைக்காதீர்கள். "முகம் 1, வலது கை 3, வலது கால் 2, பேச்சு 2, உச்சரிப்பு 1" என்று பிரித்துச் சொல்லி, அடுத்து வருகிறவரோடு கட்டிலருகே நின்று ஒருமுறை சேர்ந்து பாருங்கள். நாலு புள்ளி கூடியிருந்தால், ராத்திரி மூன்று மணியானாலும் டாக்டரை எழுப்புங்கள்.