தழும்பா, எஞ்சிய நோயா? கழுத்துக் கட்டியின் வேதியியல் கூறும் விடை

தொண்டை, நாக்கு, குரல்வளை ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்த பின்னர், நோயாளியையும் குடும்பத்தாரையும் உறங்கவிடாத ஐயம் ஒன்று உண்டு. கழுத்தில் இன்னும் தடிப்பாகத் தென்படுவது தழும்பா, எஞ்சிய நோயா? வழக்கமான எம்.ஆர்.ஐ. படம் உருவத்தைக் காட்டும். ஆனால் வீக்கம், தழும்பு, கட்டி மூன்றும் அதில் சில வேளைகளில் ஒன்றுபோலவே தோன்றும்.

இவ்விடத்தில் துணைசெய்யக்கூடியது காந்த அதிர்வு நிறமாலை ஆய்வு. கருவி அதே எம்.ஆர்.ஐ.தான், கதிர்வீச்சு கிடையாது. படத்திற்குப் பதிலாக, திசுவின் சிறு பகுதியிலுள்ள வேதிப்பொருள்களின் அளவைக் காட்டும் வரைகோடு கிடைக்கிறது. அதில் மருத்துவர் முதலில் நோக்குவது கோலின் சேர்மங்களின் முகட்டை. உயிரணுக்களின் சவ்வு உருவாவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஆகவே விரைந்து பெருகும் கட்டிகளில் அம்முகடு உயர்ந்திருப்பது வழக்கம். உயிரணுக்கள் குறைந்த தழும்பில் தாழ்ந்திருக்கும்.

மூளைக் கட்டிகளில் இவ்வாய்வு நெடுநாளாகப் பயன்பட்டு வருகிறது. கழுத்தில் அது எளிதன்று. திசுவிலுள்ள நீரின் சமிக்ஞை கோலினுடையதைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியது. இரண்டின் அதிர்வெண்களுக்கும் உள்ள வேறுபாடோ பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு. அவற்றைப் பிரித்தறியக் காந்தப்புலம் மிகச் சீராக இருத்தல் வேண்டும். மூக்கு, வாய், மூச்சுக்குழாய் ஆகியவற்றில் காற்றும் திசுவும் சந்திக்கும் எல்லைகளிலோ அப்புலம் குலைகிறது. பல்லில் பதித்த உலோகமும் அதனைக் குலைக்கும். சுற்றியுள்ள கொழுப்பின் சமிக்ஞையும் உள்ளே கலந்துவிடும்.

இவற்றினும் பெரிய இடர் அசைவு என்றே கூறலாம். சமிக்ஞை நலிந்தது ஆதலால் பலமுறை அளந்து கூட்டவேண்டும். தெளிவை இரு மடங்காக்க நான்கு மடங்கு நேரம் தேவை. அத்தனை நிமிடங்கள் எவரால் எச்சில் விழுங்காதிருக்க இயலும்? எல்லா அளவீடுகளையும் அப்படியே கூட்டிவிட்டால், ஒரு விழுங்கலின் பிழையும் முடிவில் கலந்துவிடும். மாறாக, ஒவ்வோர் அளவீட்டையும் தனித்தனியே சேமித்து, நீரின் வலிய சமிக்ஞையையே அளவுகோலாகக் கொண்டு விலகலைத் திருத்தி, பெரிதும் கெட்டவற்றை நீக்கிய பின் கூட்டலாம். 3 டெஸ்லா காந்தமும் கழுத்துக்கென அமைந்த கம்பிச்சுருளும் துணைநிற்கின்றன. எனினும் அளவீட்டைத் திருத்தும் இம்முறையே நோயாளிக்கு நேரடி நன்மை தருவது. முகடு மங்கிப் பயனற்றுப்போன ஆய்வை மீண்டும் செய்யும் தேவையை அது குறைக்கும்.

ஆயினும் மிகச் சிறிய நிணநீர்க் கணுக்களில் இது நம்பகமாக அமைவதில்லை. கோலின் முகடு தென்படாமை நோயின்மைக்குச் சான்றாகாது. அழற்சியிலும் அது உயரக்கூடும். எனவே பயாப்ஸி எனப்படும் திசுப் பரிசோதனைக்கு இது மாற்று அன்று.

கதிர்வீச்சுக்குப் பின் வாய் உலர்ந்து, கோழை தடித்திருப்போர் ஆய்வுக்கு முன் வாயை நனைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். கழற்றக்கூடிய பல்செட்டைக் கழற்றிவிட வேண்டும். பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் இருப்பின் தவறாது தெரிவிக்க வேண்டும். கழுத்துத் துளையில் உலோகச் சுவாசக் குழாய் உடையோர் நாள் குறிக்கும்போதே அதனைக் கூறுதல் நன்று. ஆய்வுக்கு முன் பிளாஸ்டிக் குழாய் மாற்றிப் பொருத்த அவகாசம் வேண்டும்.