பாதயாத்திரைக்கு வாக்கி-டாக்கி வாங்கப்போறீங்களா?



ஆடிக்கிருத்திகைக்கு ஆரணியிலிருந்து திருத்தணி நடக்கிற குழுக்களுக்கு ஒரு சிறு பாடம். கூட்டத்தில் போன் லைன் கிடைக்காது. முன்னால் காவடி, பின்னால் தாத்தா பாட்டி. வாக்கி-டாக்கிக்கு டவர் தேவையில்லை.

வாங்கும்போது முதலில் அலைவரிசையைப் பாருங்க. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டும் பேசுற செட்டுக்கு 2018 விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம். மலிவா கிடைக்கிற பல செட்டுகள் வேறு அலைவரிசையிலும் பேசும். அது போலீஸ், ஆம்புலன்ஸ் பேச்சில் குறுக்கிடலாம், லைசென்ஸ் இல்லாட்டி குற்றமும்கூட. இ.டி.ஏ. சான்று இருக்கான்னு கேளுங்க.

பெட்டியில் போட்ட தூரம் வெட்டவெளிக் கணக்கு. கட்டடம் மறைக்கும், கிளம்புறதுக்கு முன்னாடி நம்ம தறித் தெருவிலேயே நடந்து சோதிங்க. பட்டனை அழுத்தி, ஒரு நொடி விட்டுப் பேசுங்க.

கடைசியா நடந்து வர்றவர் கையில் ஒரு செட் கட்டாயம் இருக்கணும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!