மரத் தரையும் காற்றின் ஈரமும்

சிம்லா, முசௌரி முதலிய மலை நகரங்களின் பழைய வீடுகளில் தரைக்குப் பலகை பாவியிருப்பதைக் காணலாம். குளிர் நாட்களில் காலுக்கு இதமாயிருப்பதே அதன் முதற் பயன். இப்போது டில்லி போன்ற சமவெளி நகரங்களிலும் வன்மரத் தரையை விரும்புவோர் உளர். செலவு மிகுந்த இவ்வேலையில் பலர் மரத்தின் நிறத்தையும் வரியையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஓராண்டு கழியுமுன்னரே பலகைகளுக்கிடையே பிளவு தோன்றுவதையோ, தரை புடைத்து எழும்புவதையோ காண்கின்றனர். பழி பெரும்பாலும் தச்சர்மேல் விழுகிறது. ஆனால், கேட்டுக்கு மூலகாரணம் பெரும்பாலும் மரத்தினுள் இருக்கும் நீரேயாகும்.

வெட்டி உலர்த்திய பின்னரும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை ஏற்பதும், காற்றுக்கு ஈரத்தை விடுவதும் நிற்பதில்லை. வெப்பம் 30 டிகிரி சென்டிகிரேடு அளவில் உள்ளபோது, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதமானால் மரத்தின் ஈரம் காலப்போக்கில் ஏறத்தாழ 6 சதவீதத்தில் நிலைபெறும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமானால் மரத்தின் ஈரம் 16 சதவீதத்தை நெருங்கும். டில்லியில் இவ்விரு நிலைகளும் ஒரே ஆண்டில் வருகின்றன: முன்னது மே மாதத்துப் பிற்பகல், பின்னது ஆகஸ்டு மாதத்து மழைக்காலம். மரம் மெதுவாகவே மாறுவதால் இவ்விரு எல்லைகளையும் முழுதும் எட்டுவதில்லை. 8 முதல் 14 சதவீதம் வரை ஊசலாடுவதாகக் கொள்வோம்.

இந்த ஆறு சதவீத வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். பச்சை மரம் முற்றிலும் உலரும்போது, தேக்குப் பலகை ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 6 சதவீதமும், வளையங்களுக்குக் குறுக்கே ஆரத்திசையில் ஏறத்தாழ 2.5 சதவீதமும் சுருங்கும். நீளவாட்டில் சுருக்கம் மிகச் சொற்பம். இச்சுருக்கம் முழுவதும் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நிகழ்கிறது. ஆகவே, ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் பலகையின் அகலம் முதல் வகையில் ஏறத்தாழ 0.2 சதவீதம் மாறுகிறது. 4 மீட்டர் அகலமுள்ள அறையில் 6 சதவீத ஈர மாற்றத்துக்கு இது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆகும்! ஆரப்போக்கில் அறுத்த பலகைகளாயின் 2 சென்டிமீட்டரே. அவ்வாறு அறுப்பதில் மரம் மிகுதியாகக் கழிவதால் விலை கூடும். தரையைப் பொறுத்தவரை அது வீண்செலவன்று.

மரத் தேர்வுக்கு வருவோம். தாவரநூலார் அகன்ற இலை மரங்கள் அனைத்தையும் வன்மரம் என்பர். அக்கணக்கில் நகம் பதியும் இலவ மரமும் வன்மரமே! எனவே பெயரை நம்பிப் பயனில்லை. டேராடூனில் 1906-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வன ஆராய்ச்சி நிலையம், தேக்கின் குணங்களை 100 எனக் கொண்டு மற்ற இந்திய மரங்களை அதனோடு ஒப்பிட்டு மதிப்பிட்டுள்ளது. சால் மரம் தேக்கினும் கனமும் கடினமும் உடையது. ஆயினும் அதன் இழைகள் பின்னிக் கிடப்பதால் உலரும்போது எளிதில் வெடிக்கும். சிசு மரமும், அந்தமானின் செந்நிறப் படாக்கும் தரைக்கு ஏற்றவை. தேக்கு இவற்றுள் மிகக் கடினமானதன்று. அதன் சிறப்பு, ஈர மாற்றத்தால் குறைவாக அசைவதும், கறையானை எதிர்ப்பதும் ஆகும். இவ்வெதிர்ப்பு வைரக்கட்டைக்கே உரியது. வெளிறிய சாற்றுக்கட்டை கலந்த பலகையை, தேக்கேயாயினும், ஒதுக்குதல் வேண்டும்.

விற்பவர் 'நன்கு உலர்ந்த மரம்' என்று கூறுவதைச் சோதிப்பது கடினமன்று. பலகையின் முனையிலிருந்து சற்று உள்தள்ளி ஒரு சிறு துண்டை அறுத்து எடை பார்க்க வேண்டும். பின்னர் 103 டிகிரி வெப்பமுள்ள அடுப்பில், எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்த வேண்டும். 56 கிராம் துண்டு 50 கிராமாகுமானால், இழந்த நீர் 6 கிராம். ஈரம் 12 சதவீதம். மின்மானி கொண்டு நொடியில் அறிவதும் உண்டு.

பலகைகளைப் பாவுமுன் இரண்டு வாரம் அறையில் அடுக்கி வைத்தால் போதும் என்பர். அறை நன்கு காய்ந்திருந்தால் இது சரியே. புதிதாய்ச் சுவர் பூசிய வீட்டில் அடுக்கினாலோ, சூளையில் உலர்த்திய மரம் மீண்டும் நீரைக் குடித்துவிடும். கான்கிரீட்டுத் தளமும் 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாத வீதம் காயவேண்டும் என்பது கட்டடத் தொழிலின் பொதுக் கணக்கு. அரை மீட்டர்ச் சதுரப் பிளாஸ்டிக்குத் தாளைத் தளத்தின்மேல் விரித்து, ஓரங்களை ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். அடியில் நீர்த்துளியோ, தளத்தில் கருநிறமோ தென்பட்டால் காத்திருப்பதே முறை.

டில்லி போன்ற இடங்களில் கடுங்கோடையில் நெருக்கிப் பாவிய தரை மழைக்காலத்தில் புடைக்கும். மழைக்காலத்தில் பாவியது கோடையில் பிளவு காட்டும். இடைநிலையான அக்டோபர், நவம்பர் அல்லது பிப்ரவரி, மார்ச்சு மாதங்களே தக்கவை. பலகைகளை நாக்கும் காடியுமாகப் பொருத்தி, நாக்கின் வழியே சாய்வாக ஆணியறைந்தால் ஆணி வெளித்தெரியாது. சுவரோரங்களில் 12 மில்லிமீட்டரேனும் இடைவெளி விட்டுச் சுவரடிப் பலகையால் மறைக்க வேண்டும். அகன்ற அறைகளுக்கு இதனினும் மிகுதி தேவைப்படும்.

பிறகு உப்புத்தாளால் முரட்டு ரகத்தில் தொடங்கிப் படிப்படியாக நயமான ரகத்துக்கு வந்து, இறுதியில் இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். மேசை நாற்காலிகளுக்கு அழகூட்டும் அரக்கு மெருகு தரைக்கு ஆகாது. நீர் பட்ட இடம் வெளுத்துவிடும். பாலியூரித்தேன் வார்னிஷ் தேய்மானத்தை நன்கு தாங்கும். தேக்கில் இயற்கையாக உள்ள எண்ணெய் சில வார்னிஷ்களை உலரவிடாது. ஆகையால் முதலில் கரைப்பான் தோய்ந்த துணியால் துடைத்தல் நலம். ஆளிவிதை எண்ணெய் பூசுவோர் ஓர் அபாயத்தை அறிந்திருக்க வேண்டும்: எண்ணெய் தோய்ந்த கந்தல்களைக் குவித்து வைத்தால் அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். அவற்றைத் தனித்தனியே வெளியில் விரித்து உலர்த்துக.

எந்தப் பூச்சும் ஈரத்தின் வரவைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் தடுக்காது. மேலும் பூச்சு மேற்புறத்தில் மட்டுமே உள்ளது. அடியிலிருந்து ஈரம் ஏறினால் பலகையின் அடிப்புறம் விரிந்து, ஓரங்கள் உயர்ந்து கிண்ணம்போல் வளையும். அந்நிலையில் உடனே இழைத்துச் சமப்படுத்துவோர் உண்டு. அது தவறு; காய்ந்தபின் ஓரங்கள் தாழ்ந்து, பலகையின் நடுப்பகுதி மேடாக நிற்கும். ஈரம் வந்த வழியை முதலில் அடைத்து, மரம் முழுதும் உலர்ந்த பின்னரே இழைக்க வேண்டும். கோடையில் தோன்றும் மெல்லிய இடைவெளிகளுக்கும் மக்கு அடைக்கலாகாது. அவை மழைக்காலத்தில் தாமே மூடிக்கொள்ளும்.