நம்பிக்கைகளும் உண்மைகளும்: 'கேஷ்' வந்த வழி

நம்பிக்கை: ஆங்கிலேயர் சொல்லும் 'கேஷ்' நம்முடைய காசுதான்.

உண்மை: இல்லவே இல்லை. திருமங்கலம் வட்டாரத்தில் எந்தப் பேச்சுப்போட்டி மேடையிலும் பிள்ளைகள் இதைத்தான் முழங்குகிறார்கள். நடுவர்களும் கைதட்டிப் பரிசு கொடுக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டுவந்த பெரியவர்களைக் கேட்கிறேன்: ஒருமுறையாவது அகராதியைப் புரட்டினீர்களா?

ஆங்கிலப் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன் மொழியின் 'காப்சா'. பெட்டி என்று பொருள். அது இத்தாலியில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கெஸ்' என்றாகி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அப்போது அதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது. நம்மூர் கமிஷன் கடையில் "இன்னைக்குக் கல்லா எவ்வளவு?" என்று கேட்டால் யாரும் பெட்டியின் விலையைச் சொல்வதில்லை, வசூலைத்தான் சொல்வார்கள். பெட்டியின் பெயர் பணத்துக்கு ஏறியது அப்படித்தான். மருந்துக்கடையில் வாங்கும் 'கேப்சூல்' கூட அதே காப்சாவின் வாரிசு. சின்னப் பெட்டி என்று அர்த்தம். இந்தக் குடும்பத்தில் காசுக்கு உறவுமுறை கிடையாது.

ஆனால் ஆங்கில அகராதியில் அதே எழுத்துகளோடு இன்னொரு 'கேஷ்' தனிச்சொல்லாக இருக்கிறது. அதுதான் நம் காசு! சோழர் கல்வெட்டுகளில் காணும் இந்தச் சொல்லைப் போர்ச்சுகீசியர் 'காய்ஷா' என்றார்கள். ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். சென்னை மாகாணத்தில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். கிழக்கிந்தியக் கம்பெனி 1808இல் வெளியிட்ட செப்புக்காசைப் பாருங்கள்: ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் ஆண்டும், மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் அடியில் ஆங்கிலத்தில் 'எக்ஸ்எக்ஸ் கேஷ்', அதாவது இருபது காசு. சீனாவின் ஓட்டைக்காசையும் ஆங்கிலேயர் இதே பெயரால்தான் அழைத்தார்கள். செம்பில் பொறித்த சான்று இருக்கும்போது பொய்ப் பெருமை எதற்கு?

நம்பிக்கை: பேச்சுக்கு முன்னால் 'எஸ்' சேர்த்தால் 'ஸ்பீச்'.

உண்மை: பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் ரகரமும் இருந்தது. ஜெர்மானியர் இன்றும் 'ஷ்ப்ராக' என்றே சொல்கிறார்கள். பேச்சில் ரகரம் எங்கே?

நம்பிக்கை: 'எய்ட்' என்பது எட்டின் திரிபு.

உண்மை: அது லத்தீன் 'ஆக்டோ', வடமொழி 'அஷ்ட' ஆகியவற்றின் உடன்பிறப்பு.

நம்பிக்கை: நான்கு திசைகளின் முதலெழுத்துகள் சேர்ந்தது 'நியூஸ்'.

உண்மை: 'நியூ' என்றால் புதியது, பன்மையில் புதியவை. அவ்வளவுதான்.

தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்தது குறைவா? கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், அணைக்கட்டு ஆகியவற்றை ஆங்கில அகராதிகளே தமிழ் என்று ஒப்புக்கொள்கின்றன. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியில் இப்படிப்பட்ட சொற்கள் வரலாற்றோடு இருக்கின்றன. இவற்றை ஏன் எந்தப் பிள்ளையும் மேடையில் சொல்வதில்லை? சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சுப்போட்டிக்கு எவர்சில்வர் தட்டு கொடுப்பதை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். ஜெயித்த பிள்ளைக்கு ஒரு நல்ல அகராதியைக் கொடுங்கள். வாரத்தில் ஒரு பாடவேளையை அகராதி பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.