தலைச்சன் பிள்ளையைச் சுமக்கிறவளுக்கு

1. உன் பசி பிள்ளை பிறந்த பிறகுதான் முழுசாகத் தெரியும், தாயி. மசக்கை தீர்ந்தபின் நாளுக்கு 350 கலோரி கூடுதலாகப் போதும். ஒரு கிண்ணம் உளுந்தஞ்சோறும் ஒரு முட்டையும் அதைக் கொடுத்துவிடும். பால் கொடுக்கும் முதல் 6 மாதத்துக்கு ஐ.சி.எம்.ஆர். சொல்லும் கூடுதல் கணக்கு 600. நம் வீடுகளிலோ அந்த நேரம் பார்த்துத்தான் பத்தியம் என்று தட்டைச் சுருக்குகிறார்கள். அதை மாற்றத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

2. மசக்கையில் வயிறு எதை ஏற்கிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு. தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

3. உளுந்தை விடாதே. தோலோடு போட்ட உளுந்தஞ்சோறு, தொட்டுக்கொள்ள எள்ளுத்துவையல்: புரதம், இரும்பு, சுண்ணாம்புச்சத்து மூன்றும் ஒரே தட்டில். கருப்பட்டி போட்டு நல்லெண்ணெய் விட்ட உளுந்தங்களியும் நல்லதுதான். ஆனால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 140-ஐத் தொட்டால் கருப்பட்டியை நிறுத்து. சீனியைப் போலவே கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றும்.

4. இரும்புச்சத்து மாத்திரை கர்ப்பத்தில் 180 நாள், பெற்ற பிறகு இன்னும் 180 நாள். இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். டீ, காபி குடித்த சூட்டோடு போடாதே. கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதே. நெல்லிக்காயோ கொய்யாவோ தின்றால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். மலம் கறுத்துப் போகும், பயப்படாதே.

5. அரசின் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கு 12 வாரத்துக்குள் பதிந்துவிடு. பணத்தோடு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமும் வரும். அதிலிருக்கும் நெய்யும் பேரீச்சையும் சத்துமாவும் உனக்கு வந்தவை. வீட்டில் பங்கு போட விடாதே.

6. பால் ஊறும் என்று சுறாப்புட்டு செய்து தருவார்கள். அன்பாகத்தான் தருகிறார்கள், ஆனாலும் சுமக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் வேண்டாம் என்று சொல்லிவிடு. பெரிய மீன் சின்ன மீன்களைத் தின்று தின்று கடலின் பாதரசத்தைத் தன் சதையில் சேர்த்துவைக்கிறது. அது பிள்ளையின் மூளையைக் கெடுக்கும். உவரியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வரும் சாளை, நெத்திலி போதும். நெத்திலியை முள்ளோடு தின்னலாம். பால் ஊறுவது பிள்ளை சப்பச் சப்பத்தான்.

7. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடு. மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னால் கேட்காதே. சேனை வைக்க வருகிற பெரியவர்களிடம் பிள்ளையின் தலையைத் தொட்டு வாழ்த்தச் சொல். சீனித்தண்ணீரும் தேனும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப்பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். ஒரு வயது வரை தேன் கூடாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிரச் சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை, நம் சித்திரை வெயிலிலும்கூட.

8. இனி பத்தியம். பூண்டுக்குழம்பு, மிளகுரசம், முருங்கைக்கீரை எல்லாம் சாப்பிடு. பருப்பையும் முட்டையையும் பழத்தையும் காயையும் விலக்காதே. "பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று தயிரைத் தடுப்பார்கள். தாய் தின்ற தயிரால் பிள்ளைக்குச் சளி பிடிக்காது. கடையில் வாங்கும் லேகியத்தில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாமல் வாயில் வைக்காதே. எல்லாவற்றிலும் கொடுமை, பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்காது. தாகம் எடுக்கும்போதெல்லாம் குடி. ராத்திரி பால் கொடுக்க எழுவாய். தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீரும் இரண்டு எள்ளுருண்டையும் வைக்கச் சொல்லி உன் வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லிவை.