சிவப்பு நோட்டீசும் மூன்று நம்பிக்கைகளும்

நம்பிக்கை: ஏழை வீட்டு மின் லைனை வெட்டச் சட்டம் விடாது.

உண்மை: விடும். வீடு வீரமுனையில் இருந்தாலும் கல்முனையில் இருந்தாலும், அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவி கிடைக்கிறது என்பதற்காக மின் விநியோக நிறுவனத்தின் கை கட்டப்படுவதில்லை. இலங்கையின் மின்சாரச் சட்டம் பாவனையாளருக்குத் தந்தது நடைமுறைப் பாதுகாப்பு மட்டுமே: எழுத்தில் முன்னறிவித்தல் தர வேண்டும், அதன் அவகாசம் கழிய வேண்டும். கையில் காசில்லை என்பது அந்த ஒழுங்கில் ஒரு காரணமே அல்ல. இதன் விலை 2023 இல் தெரிந்தது. மாதம் 30 யூனிட் பாவிக்கும் வீடு 2022 ஓகஸ்ட் உயர்வுக்கு முன் கட்டியது 105 ரூபா, யூனிட்டுக்கு 2.50, நிலையான கட்டணம் 30. 2023 பெப்ரவரியில் யூனிட் 30 ரூபாவும் நிலையான கட்டணம் 400 ரூபாவும் ஆக, அதே வீட்டு பில் 1,300 ரூபாவானது. அவ்வாண்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் வெட்டப்பட்டதைப் பாராளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழு வெளியே கொண்டுவந்தது. பிறகு கட்டணம் இறங்கியது. அடுத்த உயர்வில் அந்த வீட்டைக் காக்க என்ன இருக்கிறது என்ற கேள்வி மட்டும் இறங்கவில்லை.

நம்பிக்கை: இணைப்பு வெட்டப்படும் என்று எச்சரிக்கும் சிவப்பு நோட்டீஸ் வந்தால் இனிச் செய்ய ஒன்றுமில்லை.

உண்மை: செய்ய வேண்டியதைச் செய்வதற்கான அவகாசமே அந்தத் தாள்தான். முதலில் பில்லிலுள்ள வாசிப்பை மீட்டரோடு ஒப்பிட வேண்டும். தொகை பிழையென்றால் பிரதேச அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிட்டு, பிரதியில் திகதி முத்திரை வாங்க வேண்டும். அங்கே தீராத பிணக்கை 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் கொண்டுபோகலாம். தொகை சரி, கட்டத்தான் வழியில்லை என்றால், இயன்றதைக் கட்டிவிட்டு மிகுதிக்குத் தவணை கேட்டு எழுத வேண்டும். வாயால் சொன்னது பதிவில் நிற்காது. ஆனாலும் தவணை அதிகாரியின் தயவில்தான் தங்கியிருக்கிறது, குறை அங்கேதான்.

நம்பிக்கை: வெட்டாவிட்டால் ஒருவரும் கட்ட மாட்டார்கள்.

உண்மை: கட்ட முடிந்தும் கட்டாதவர்கள் உண்டு, அவர்களுக்கு வெட்டு உறைக்கும். கட்ட வழியில்லாதவரிடம் வெட்டு காசை வரவழைக்காது. மீள இணைக்கும் கட்டணத்தையும் பழைய கடனில் ஏற்றிவிடும். வெட்டைக் கட்டுப்படுத்திய நாடுகளும் உண்டு. இங்கிலாந்தில் 1999 முதல் கட்டண நிலுவைக்காக வீட்டுக் குழாய்நீரை வெட்ட முடியாது. கடன் அழிவதில்லை, நீதிமன்றம் வழியே அறவிடலாம். பிரான்சில் நவம்பர் முதல் மார்ச் இறுதி வரை நிலுவைக்காக வீட்டு மின்சாரத்தை வெட்டத் தடை. அங்கே அது குளிர்காலம். இங்கே அதே மாதங்களில் பெரும்பகுதி வாடைக்காலம். தோணிகள் கரையேறி நிற்கும், பெரும்போக அறுவடைக் காசு கைக்கு வந்திருக்காது, பில் மட்டும் மாதாமாதம் வரும். வெட்டாவிட்டால் விநியோக நிறுவனத்துக்கு நட்டம் என்பார்கள். வெட்டாமல் தவணை தருவதன் செலவைத் திறைசேரி ஏற்றால் நிறுவனத்துக்கும் பாரமில்லை, மற்றப் பாவனையாளருக்கும் பாரமில்லை. தவணை உரிமையாகச் சட்டத்தில் ஏறும்வரை, முதலாவது நம்பிக்கையை நம்பிச் சும்மா இருப்பதே ஆபத்து.